முதுகில் எழுதிய பெயர்

விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்று யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடித்துச் சொல்லாத விளையாட்டு விழாவை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சொன்னார். கல்லூரியில் பரிசு கொடுக்க வந்த போலீஸ் அதிகாரி சொன்னார். அடிப்பவன் யார் என்று பந்துக்குத் தெரியுமா என்று ஒருத்தர் கவிதையாகவே கேட்டார். பந்துக்குத் தெரியாதுதான். ஆனால் நான் ஆடியது பந்து இல்லாத ஆட்டம். கபடி. அதில் ஆளை ஆள் தொட வேண்டும். தொட்டால்தான் பாயிண்ட். தொட்டவளைக் கட்டிப்பிடித்துத் தரையில் அமுக்கினால்தான் எதிர்ப் பாயிண்ட். இந்த நாட்டில் இப்படி ஒரு ஆட்டம் எப்படித்தான் உண்டாயிற்று என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

பல்கலைக்கழக அணி என்றால் என்ன? விழா மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டினால் அது ஒரு வருஷம், ஒரு ஆட்டம், ஒரு கோப்பை. கூடவே ஒரு குரூப் போட்டோ. நிற்பவர்கள் இடமிருந்து வலம், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம். தரையில் சம்மணம் போட்டுக் கோப்பையைப் பிடித்திருப்பவர்களின் பெயர் பல சமயம் இருக்காது. ஊர் இருக்கவே இருக்காது. ஊரே இல்லையென்றால் தெரு எங்கே இருக்கப் போகிறது? இப்படி ஊரும் தெருவும் துடைக்கப்பட்ட வரலாற்றுக்குள் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள், என்ன கொடுத்து உள்ளே போனார்கள், வெளியே வந்தபோது கையில் என்ன இருந்தது என்பதை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷம் அந்தச் சட்டையைப் போட்டவள் என்பதால் என் பங்கை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைக்கு யுனிவர்சிட்டி என்றால் திருச்சிதான். பாரதிதாசன் பல்கலைக்கழகம். வளாகம் நகரத்துக்குள் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வருகிற ரோட்டில் பல்கலைப்பேரூரில் இருக்கிறது. எங்களைப் பார்க்கப் புறப்பட்டு வந்து பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி. ஆனாலும் நாங்கள் 'திருச்சி யுனிவர்சிட்டி' என்றுதான் சொல்வோம். 1982 ஏப்ரலில் அது தனியாகத் தொடங்கும்வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. அதே 1982இல்தான் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகமும் தொடங்கியது. இரண்டு கவிஞர்கள், இரண்டு நகரங்கள். ஆந்திராவுக்கு ஆடப்போன இடத்தில் மைக் பிடித்தவருக்கு இரண்டு பெயரும் ஒன்றாகவே பட்டது. "பாரதியார்... பாரதிதாசன்... கோயம்புத்தூர்... ட்ரிச்சி" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி எங்களைக் களத்துக்குக் கூப்பிட்டார். யாரைக் கூப்பிட்டார் என்று இரண்டு டீமும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதற்கு முந்தின கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி 1880இல் வந்தது. தொண்டைமான் சமஸ்தானத்தின் கல்லூரி. பெயரிலேயே மன்னர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் அதற்கும் முந்தி, 1857இல் உண்டானது. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற இடமாகத்தான் இருந்தது. பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரால் அணிகள் கிளம்பியபோது அவை ஆடியது பெரும்பாலும் வெள்ளைக்காரனிடமிருந்து வந்த ஆட்டங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையில் ரோஹின்டன் பாரியா கோப்பைக்கான கிரிக்கெட் 1935இல் தொடங்கியது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், வலை வேண்டும், புல் வெட்டிய மைதானம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிளப் வேண்டும். கிளப் என்றால் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிற இடம்.

அந்த டீ என்ன ஆகும் என்பதற்குப் பல்வங்கர் பாலூவே சாட்சி. சமார் சாதியில் பிறந்தவர்; இந்தியாவின் முதல் பெரிய சுழல் பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் இருந்தார். புனேயில் அவர் ஆடிய இந்து கிளப், அவர் பந்தை வாங்கி வீசலாம், ஆனால் டீயை வெளியே நின்று மண்குவளையில் குடிக்க வேண்டும் என்று வைத்திருந்தது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதத்துக்கு ஒரு டீம் ஆடிய காலம் அது. இந்து டீமுக்கு ஜெயிக்கப் பாலூ வேண்டும். தலைவனாக இருக்க வேண்டாம். அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அந்தத் தலைமை கிடைத்தது. அதுவும் சண்டை போட்டு. பல்கலைக்கழக அணிகள் முளைத்தது இந்த மண்ணில்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கபடி பல்கலைக்கழகத்துக்குள் எப்போது வந்தது தெரியுமா? 1961இல்தான் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வாரியம் அதை முக்கிய ஆட்டங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இலேயே சென்னையில் நடந்துவிட்டது; பெண்களுக்கு 1955இல் கல்கத்தாவில். அதற்கெல்லாம் எத்தனையோ காலம் முன்பிருந்தே எங்கள் சனங்கள் கண்மாய்க் கரையிலும் அறுப்பு முடிந்த வயலிலும் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தார்கள். வயித்துக்கு ஒரு கோவணம், கீழே கொஞ்சம் மண். வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஆட்டத்தை மேல்படிப்பு அங்கீகரித்த பிறகுதான் எங்கள் கால்கள் அந்த வாசல் வழியாக நுழைந்தன. படிப்புக் கோட்டா வழியாக வந்தவர்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஆட்டத்தின் வழியாக வந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. சடுகுடு கபடியானதில் பாட்டுகள் போய்விட்டன என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வருத்தப்படுவார். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் நான் சின்ன வயசில் கேட்ட பாட்டுகளில் எங்களை வைகிற பாட்டும் இருந்தது. மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்பதில் வசவு இல்லை.

ஆனால் ஆட்டம் எங்களுடையதாக இருந்தும் டீம் எங்களுடையதாக இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் பக்கம் கபடிப் போட்டி நடக்கும். நோட்டீஸில் 'ஊருக்கு ஒரு அணி மட்டும்' என்று ஒரு விதி போட்டிருப்பார்கள். படிக்கிறவனுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியாது. ஆனால் 'ஊர்' என்றால் எது? ஊர் வேறு, காலனி வேறு. ஊர் டீம் பெயர் கொடுத்த பிறகு எங்கள் அண்ணன்மார் போனால், "ஒங்க ஊரு டீம் வந்தாச்சேப்பா" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார்கள். அதனால் எங்கள் ஆட்கள் நாலு ஊர்க் காலனிகளைச் சேர்த்து அம்பேத்கர் பெயரில் ஒரு டீம் கட்டி, நீலத்தில் பனியன் தைத்து, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆடினார்கள். அங்கேயும் ஜெயிக்காதவரைக்கும் பிரச்சினை இல்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்களே, கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அந்தப் பையனின் வீட்டார் சொன்னார்கள். வெட்டியது விரலை என்பதைக் கவனியுங்கள், தோழர்களே. எழுதுவதும் அதுதான், பிடிப்பதும் அதுதான்.

பொம்பளப் பிள்ளைகளுக்கு ஊரில் ஆட்டம் ஏது? நான் ஆடியதெல்லாம் அரசுப் பள்ளிக்கூடத்தில். பி.டி. டீச்சர் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு, "நெஞ்சு பயம் இல்லாதவள்லாம் இந்தப் பக்கம் வாங்கடி" என்றார். நான் போனேன். டவுசர் போட வேண்டும் என்றதும் ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "களையெடுக்கிறப்ப முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகுறோம், அதை எவன் கேட்டான்?" என்று அப்பாயிதான் எனக்காகப் பேசியது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, 2006 டிசம்பரில், ஒரு நாள் பிரேயரில் தலைமையாசிரியர் ஒரு பெயரைச் சொன்னார். சாந்தி. கத்தக்குறிச்சி சாந்தி. தோகாவில் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. கத்தக்குறிச்சி எங்கள் மாவட்டத்துக் கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் காலனியிலும் பாதிக் குடும்பம் சூளைக்குப் போகிற குடும்பம்தான். "நம்ம சனமாமுல்ல" என்று சாயங்காலம் குழாயடியில் பேச்சு. அதுவரைக்கும் நம்ம சனம் என்று பேப்பரில் படம் வந்தால் அது வெட்டுப்பட்டு வந்த படமாகத்தான் இருக்கும்.

சில நாட்களிலேயே அது திரும்பியது. பால் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவரிடம் முறையாகச் சொல்வதற்கு முன்பே டி.வி.யில் சொன்னார்கள். பிரேயரில் தலைமையாசிரியர் அந்தப் பெயரை மறுபடி சொல்லவில்லை. அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய்ப் பரிசைக் கொடுத்தார். அந்தப் பணத்தைப் போட்டுச் சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி கொடுத்தார். 2007இல் உயிரை விடப் போய்ப் பிழைத்தார். 2012இல் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிரந்தர வேலை. பத்து வருஷம். தென்னாப்பிரிக்காவின் கேஸ்டர் செமென்யா 2009இல் பெர்லினில் இதே 800 மீட்டரில் தங்கம் வாங்கி இதே மாதிரிச் சோதனைக்குத் தள்ளப்பட்டபோது, அந்த நாட்டுச் சனங்கள் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கூடி நின்று அவரை வரவேற்றார்கள். 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு இதே நிலைமை வந்தபோது இந்திய அரசின் விளையாட்டு ஆணையம் கூட நின்றது; 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்கு 2006இல் யாரும் நிற்கவில்லை. ஓடும்போது அவர் சட்டையில் இந்தியா இருந்தது. பதக்கம் போனதும் கத்தக்குறிச்சிக்காரி ஆகிவிட்டார்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஹாக்கி டீம் அரையிறுதியில் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் பட்டாசு கொளுத்தி ஆட்டம் போட்டார்களே, டீமில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால் தோற்றது என்று கத்தினார்களே, அதுவும் இதே கணக்குதான். ஜெயித்தால் டீம். தோற்றால் சாதி.

நான் கல்லூரியில் சேர்ந்தது 2010இல். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. பக்கத்துக் கல்லூரியிலும் இதேதான் நடந்திருக்கும். தங்கியது ஆதிதிராவிடர் நல விடுதியில். விடியக்காலம் அஞ்சரைக்குப் பயிற்சி, எட்டு மணிக்கு விடுதியில் பொங்கல் என்ற பெயரில் ஒன்று போடுவார்கள், ஒன்பதரைக்குச் சங்க இலக்கியம். புறநானூற்று வகுப்பில் தூங்கி வழிந்தது நான் ஒருத்திதான் என்று நினைக்காதீர்கள். டீம் முழுக்கத் தூங்கியது.

கபடி பார்த்தவர்களுக்குச் 'செயின்' என்றால் தெரியும். பாடி வருகிறவளை வளைத்துப் பிடிக்க, கார்னரில் நிற்பவளும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கை கோத்துக்கொள்வார்கள். உள்ளங்கையும் உள்ளங்கையும் பூட்டுப் போட்ட மாதிரி இறுக வேண்டும். நான் இடது கார்னர். எனக்குப் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடிக்க மாட்டாள். வெளியே தெரிகிற மாதிரி மாட்டேன் என்று சொல்லவில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஜெர்ஸியின் கையை இரண்டு விரலால் பிடிப்பாள். பாடி வருகிறவள் மோதினால் அது எப்படி நிற்கும்? பிய்த்துக்கொண்டு போவாள். இரண்டு மாட்ச் இப்படியே போனது. மூன்றாவது மாட்சுக்கு முன்னால் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒனக்குத்தான் கணுக்கால் பிடி நல்லா வருதேம்மா, நீ செயின் போடாம தனியாவே பிடி" என்றார். நல்ல மனிதர்தான். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவளை மாற்றுவதைவிட ஆட்டத்தையே மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு கல்லூரி டீமில் 'அவ தனியாப் பிடிப்பா' என்பது என் ஸ்டைலாகவே ஆகிவிட்டது. அடுத்த கல்லூரிக்காரிகள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்றுகூடக் கேள்விப்பட்டேன். பண்பாடு பரவுவது இப்படித்தான் போல.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு திருச்சியில். முதல் நாள் ஆட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் விசிலை ஊதி நிறுத்தினார். "லெஃப்ட் கார்னர், ஏன் செயின் போடல?" நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்றவள் என் கையை வெடுக்கென்று இழுத்துக் கோத்துக்கொண்டாள். டெல்டாப் பக்கத்துக்காரி. கையெல்லாம் ஒரே வேர்வை. "வழுக்குதுடி, மண்ணத் தொட்டுக்கிட்டு இறுக்கிப் பிடி" என்றாள். அவள் என்ன ஆள் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றைக்கு மூன்று பேரைப் பிடித்தோம். பன்னிரண்டு பேர் பட்டியலில் என் பெயர் ஏழாவதாக இருந்தது.

பிறகு ஜெர்ஸி கொடுத்தார்கள். முதுகில் ஆங்கிலத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர். சாதியைத் திட்டி எழுதிய ஒரு கவிஞரின் பெயர் என் முதுகில் இருக்கிறது என்று தமிழ் படிக்கிற பிள்ளையாகச் சந்தோஷப்பட்டேன். அந்த ஜெர்ஸி செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டையில் ஒருத்தரைப் புதிதாகப் பார்த்தால் முதலில் 'எந்த ஊரு' என்பார்கள், ஊரைச் சொன்னதும் 'எந்தத் தெரு' என்பார்கள். ரெண்டாவது கேள்விதான் கேள்வி. தென்மண்டலப் போட்டிக்கு ரயிலில் போகும்போது எதிர் சீட்டு அம்மா எங்களைப் பார்த்து "எந்த யுனிவர்சிட்டிம்மா?" என்று கேட்டார். பத்தொன்பது வயசில் முதல் தடவையாக ஒரு கேள்வி தெருவில் போய் முடியாமல் நின்றது. நாலு நாள் அந்த மாதிரி இருந்தேன். திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டி ஏறிய ஒருத்தர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "புதுக்கோட்டையா, நீங்க யாரு ஆளுங்க?" என்றார். டெல்டாக்காரி முந்திக்கொண்டு, "பாரதிதாசன் ஆளுங்க" என்றாள். அவர் புரிந்த மாதிரித் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா அந்த ஜெர்ஸியைத் துவைத்துக் கருவேல முள்வேலியில் காயப் போட்டது. ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, முதுகுப் பக்கம் ஊர் ரோட்டைப் பார்க்கிற மாதிரித்தான் போட்டது. காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. பைக்கில் போன ஊர்ப் பையன்கள் ரெண்டு பேர் நிறுத்திப் படித்துவிட்டுப் போனதைச் சாயங்காலம் எனக்கு ரகசியம் மாதிரிச் சொன்னது.

ஆனால் ஜெர்ஸி கிழிந்துவிடும். மிஞ்சுவது ஒரு தாள். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு மனுப் போட்டவர்களுக்குத் தெரியும்: நாட்டுக்கு ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3, பள்ளிக்குப் படிவம் 4. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது படிவம் 3. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டுக்காரர்களுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, தபால், மத்தியப் படைகள் எல்லாவற்றிலும் இந்தத் தாள் பேசும். எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்கு மாசச் சம்பளம் வருவதற்கு இருக்கிற நாலைந்து வழிகளில் இது ஒன்று. ஒரு பல்கலைக்கழக அணியின் அடையாளம் கொடியிலோ நிறத்திலோ இல்லை. பன்னிரண்டு பேருக்குக் கிடைக்கிற இந்தத் தாளில் இருக்கிறது. அதனால்தான் சண்டையும் அங்கே நடக்கிறது.

என் விடுதியில் என்னோடு இருந்தவள் ஒருத்தி. ரைடர். அவள் பாடிப் போனால் கோட்டைத் தொட்டுத் திரும்புவது மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும். என்னைவிட நல்ல ஆட்டக்காரி. இதில் தன்னடக்கம் ஒன்றும் இல்லை. 2012இல் அவளும் பன்னிரண்டில் ஒருத்தியாகத் தேர்வானாள். பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டுமானால் தகுதிப் படிவத்தில் கல்லூரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அவள் படித்த துறையின் கட்டணம் பாக்கி என்று ஆபீஸில் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கி வைத்தது அவளா? எஸ்.சி. மாணவிக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டிய உதவித்தொகை அந்த வருஷம் வந்து சேரவில்லை. "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடுவோம் சார்" என்று அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் வந்து நின்றார். "வந்ததும் வாங்கிக்கங்க" என்றார்கள். பட்டியல் மூடிவிட்டது. பதிமூன்றாவதாக இருந்த பிள்ளை ரயில் ஏறியது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுவும் கஷ்டப்பட்ட பிள்ளைதான். ஆனால் படிவம் 3 அதன் பெட்டியில் இருக்கிறது. இவள் பெட்டியில் இல்லை. உதவித்தொகை மூன்று மாசம் கழித்து வந்தது. போலீஸ் வேலைக்கு மனுப் போட்டபோது அவளுக்கு உயரம் இருந்தது, ஓட்டம் இருந்தது, பி.ஏ. இருந்தது, அந்தத் தாள் இல்லை. பொதுப் பட்டியலில் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது.

இதில் யார் அவளைச் சாதி சொல்லித் திட்டினார்கள்? ஒருத்தரும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவில் எழுதுவது? ஆபீஸ் விதி என்பார்கள். ஊருக்கு ஒரு அணி என்பதும் விதிதான்.

எம்.ஏ. படிக்கும்போது கறுப்பர் இலக்கியம் பற்றிச் செமினாருக்குத் தயார் செய்யப்போய், விளையாட்டில் மாட்டிக்கொண்டேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் 200 மீட்டரில் ஜெயித்து மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டியை உயர்த்தி நின்ற டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் படத்தை நம் தோழர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலில் ஷூ இல்லாமல் கறுப்புக் காலுறையோடு நின்றது கறுப்பு மக்களின் வறுமையைச் சொல்வதற்காக. அவர்கள் இருவரும் கலிபோர்னியாவில் சான் ஹோசே என்கிற நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர்கள். வேகநகரம் என்று அந்த அணிக்குப் பட்டப்பெயரே உண்டு. நகரத்துக்கு அவர்களின் கால் வேண்டும். ஆனால் கல்லூரிக்குப் பக்கத்தில் கறுப்பு மாணவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். அங்கே சமூகவியல் சொல்லிக்கொடுத்த ஹாரி எட்வர்ட்ஸ் 1967இல் மாணவர்களைத் திரட்டிப் போராட்டத்தை அறிவித்து, அந்த வருஷத்தின் முதல் கால்பந்து ஆட்டத்தையே நடக்க விடாமல் செய்தார். மெக்சிகோ முஷ்டி எங்கிருந்து கிளம்பியது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒலிம்பிக்ஸில் அல்ல, வாடகை வீட்டில்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1988இல் அந்தப் பல்கலைக்கழகம் செலவைக் குறைக்கிறோம் என்று தடகள அணியையே கலைத்துவிட்டது. 2005இல் அதே வளாகத்தில் ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குப் பெரிய சிலை வைத்தார்கள். சிலை இருந்தது, அணி இல்லை. 2018இல்தான் அணி திரும்ப வந்தது. அந்தச் சிலையில் இரண்டாம் இடத்து மேடை காலியாக இருக்கிறது. அதில் நின்ற ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், தனக்குச் சிலை வேண்டாம், வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். வெள்ளைக்காரரான அவரும் அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து அதே பேட்ஜைக் குத்திக்கொண்டு நின்றவர். ஊருக்குப் போய் அதற்கான கஷ்டத்தையும் பட்டவர். நமக்குச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் ஆட்களை எந்த மேடையிலிருந்து இறக்கினார்கள் என்ற குறிப்பாவது வேண்டும் என்கிறேன்.

அதற்காக நானும் இரண்டு தோழிகளும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காலனி காலனியாகப் போகிறோம். ஆலங்குடிப் பக்கம் போயிருக்கிறோம், அறந்தாங்கிப் பக்கம் போயிருக்கிறோம், வேங்கைவயலைத் தாண்டிப் போயிருக்கிறோம். கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஆடிய நம் ஆட்கள் இங்கே யாராவது உண்டா என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தா அந்த வீட்டுல கேளுங்க, அவரு அந்தக் காலத்துல தாவுவாரு" என்பார்கள். டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள். ரேஷன் கார்டு, பட்டா நகல், பெரியவர் செத்த சர்டிபிகேட், அதற்கடியில் செல்லரித்த ஒரு விளையாட்டுச் சான்றிதழ். மும்முறைத் தாண்டல், 1980களில். அவர் இப்போது கல்குவாரியில் வாட்ச்மேன். ஒரு அக்கா குண்டு எறிந்தவர். நூறு நாள் வேலையில் மண் சுமக்கிறார், "எறியச் சொன்னா இப்பவும் எறிவேன்" என்கிறார். ஒருத்தர் ரயில்வேயில் வேலை வாங்கி, மதுரையில் வீடு கட்டி, தன் பெயரை எழுத வேண்டாம் என்று போனில் கேட்டுக்கொண்டார். அவர் பிள்ளைகளுக்குக் காலனி தெரியாதாம். எழுதவில்லை. ஆனால் அவர் ஓடிய தூரத்தை எழுதிவைத்திருக்கிறேன்.

என் ரைடர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து போன் பண்ணினாள். "அமெரிக்காக்காரன் யுனிவர்சிட்டி ஆர்டர்டி. முதுகுல பேரு அடிச்சுப் போவுது. ஒரு எழுத்து கோணியிருந்தாக்கூட ரிஜெக்ட் பண்ணணும்" என்று சிரித்தாள். அவள் பெயரை நோட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆடலன்னும் எழுது" என்றாள்.

உங்கள் ஊர்க் காலனியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் விடுமுறைக்குப் போகும்போது திறந்து பாருங்கள். பெயர், ஊர், தெரு, கல்லூரி, வருஷம், ஆட்டம், எத்தனையாவது இடம், படிவம் 3 கொடுத்தார்களா, கொடுக்கவில்லை என்றால் என்ன சொன்னார்கள், இப்போது என்ன வேலை. ஒரு போஸ்ட் கார்டு போதும். இதழ் முகவரிக்கு எழுதுங்கள். தெருவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.